அந்த 30 மீட்டர்: வடஆற்காட்டு ட்ரோன் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் திருவிழாவுக்கும் ட்ரோன் பறக்கவிடும் தம்பி தங்கைகளுக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் காட்பாடியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். முப்பத்தொன்பதாவது வயதில் தனியார் விமானி உரிமம் வாங்கினேன். அதை வைத்துச் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது, சொந்த விருப்பத்துக்குத்தான் பறக்க முடியும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாநிலத்துப் பயிற்சி மையம் ஒன்றுக்குப் போய், அவர்களுடைய இரண்டு இருக்கை செஸ்னா 152 விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பறக்கிறேன். என் அண்ணன் மகன் குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறான். உங்களில் ஒருவன். அதனால் இந்த மடலை வெளியாளாக எழுதவில்லை. உங்கள் வீட்டில் ஒரு அத்தை எழுதுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம், ஒரு ஞாயிறு, காலை எட்டேகால் மணி. ஜோலார்பேட்டையைத் தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாற்றை ஒட்டி வேலூர் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் எனக்கு மூத்த விமானி ஒருவர். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வலப்பக்கம் ஏலகிரி மலை, அதன் சரிவில் மட்டும் கொஞ்சம் பனி. உயரமானி 3,500 அடி காட்டியது. அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். அந்த இடத்தில் தரையே ஏறக்குறைய 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. ஆக, கீழே இருந்த தென்னந்தோப்புக்கும் எனக்கும் நடுவில் 2,200 அடி.

முன்னால் வலது பக்கம் கொஞ்சம் கீழே ஒரு புள்ளி தெரிந்தது. பருந்து என்று நினைத்தேன். ஆம்பூர்ப் பக்கம் காலை வெயில் ஏறியதும் பருந்துகள் வட்டமிடும், அது எங்களுக்குப் பழக்கம். பருந்து நம்மைப் பார்த்துவிடும். கடைசி நொடியில் இறக்கையை மடக்கிக் கீழே விழுகிற மாதிரி விலகிப் போகும். இது விலகவில்லை. அசையவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் "ட்ரோன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது வலது இறக்கைக்குக் கீழே போய்விட்டது. சாம்பல் நிறம், நான்கு கை, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. நாற்பது மீட்டர் இருக்கலாம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். என் கை கட்டுப்பாட்டுப் பிடியில் இருந்தது, ஆனால் நான் எதுவும் செய்திருக்கவில்லை. செய்ய நேரமே இல்லை.

இறங்கியதும் எழுதிக் கொடுத்தேன். யார் விட்ட ட்ரோன் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது யாரென்று தெரியவும் வேண்டாம். அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் வந்தது. தரையிலிருந்து 2,000 அடிக்கு மேலே ஒருவர் ஏன் ட்ரோனை ஏற்றினார்? விதிப்படி 400 அடிதானே, அதாவது 120 மீட்டர்? அதைப் போல ஐந்து மடங்கு உயரத்தில் அவருக்கு என்ன வேலை?

பதில் மறுநாள் காலையில் கிடைத்தது. அவர் ஏற்றவே இல்லை. ஏலகிரி மேலே ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில். மலை விளிம்பில் நின்று ட்ரோனைக் கிளப்பியிருப்பார். முப்பது மீட்டர் ஏற்றி, அப்படியே நேராகப் பள்ளத்தாக்கின் மேலே வெளியே ஓட்டியிருப்பார். கீழே பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ரயில் பாதையும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார். அவர் கையில் இருந்த திரை 30 மீட்டர் என்றுதான் காட்டியிருக்கும். 120-ல் 30 தானே, நிறைய மிச்சம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருப்பார். மலை விளிம்பைத் தாண்டிய நொடியில் தரை 600 மீட்டர் கீழே போய்விட்டது. திரைக்கு அது தெரியாது.

இதை நான் ஊகமாக மட்டும் விட்டுவிட விரும்பவில்லை. அடுத்த வாரம் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் அண்ணன் மகனையும் அவன் ட்ரோனையும் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். மூன்று மாடி வீடு. மாடித் தரையிலிருந்து கிளப்பினான். திரையின் கீழ் ஓரத்தில் ஹெச் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 1.2 மீட்டர். அப்படியே கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பின்பக்கக் காலி மனைக்கு மேலே நிறுத்தினான். திரையில் அதே 1.2. கீழே மூன்று மாடி ஆழத்தில் துளசி மாடமும் மாவாட்டும் கல்லும் கிடக்கின்றன, இது 1.2 என்கிறது. அப்புறம் மெதுவாகக் கீழே இறக்கினான். 0 வந்தது. அதன் பிறகு எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தது. கழித்தல் 3, கழித்தல் 6, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது கழித்தல் 8.9. "அத்தை, நாலு வருஷமா ஓட்டுறேன், இதை ஒரு நாளும் யோசிச்சுப் பார்த்ததில்லை" என்றான். அவன் பொறுப்பில்லாதவன் கிடையாது. மழைத் தூறல் விழுந்தால் ட்ரோனை வெளியே எடுக்க மாட்டான், கூட்டத்தின் தலைக்கு மேலே விடமாட்டான். அவனுக்கே தெரியவில்லை.

சாதாரணக் கேமரா ட்ரோன் காட்டும் உயரம், அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்ட உயரம். விதி சொல்லும் 120 மீட்டர், ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து கணக்கிடும் உயரம். காட்பாடியிலோ ஆற்காட்டிலோ வயல்வெளியில் நின்று விட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நம் ஊர் எப்படிப்பட்ட ஊர்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை, மலைமேல் ஒரு கோயில், கோயிலில் ஒரு கல்யாணம். வள்ளிமலை, ரத்தினகிரி, சோளிங்கர், ஜவ்வாது மலை, ஏலகிரி. தஞ்சாவூரில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் வராது. நமக்கு வாரத்துக்கு நாலு தடவை வரும். அதனால்தான் இதை வடஆற்காட்டுக்காரர்களுக்கென்று தனியாக எழுதுகிறேன்.

சரி, மேலே எங்கள் பக்கம் எப்படி என்று சொல்கிறேன். ஏனென்றால் "விமானம் எல்லாம் முப்பதாயிரம் அடியில போகுது, நம்ம ட்ரோனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே போகும் பெரிய விமானங்கள் உங்கள் ட்ரோனுக்கு எட்டாத உயரத்தில் போவது உண்மைதான். சின்ன விமானம் அப்படியில்லை. நாங்கள் கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளின்படி பறக்கிறோம். பத்தாயிரம் அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் ஒன்றரை கிலோமீட்டரும் மேலும் கீழும் 1,000 அடியும் விலகி இருக்க வேண்டும். சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பிறகு பறக்கக் கூடாது, மறுநாள் உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு வரைக்கும். கிளம்புவதற்கு முன்னால் எங்கிருந்து எங்கே, எந்த உயரத்தில், எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்று பறப்புத் திட்டம் கொடுக்க வேண்டும். வான் பாதுகாப்பு அனுமதி எண் ஒன்று வரும். அந்த எண் இல்லாமல் கிளம்பினால் அடையாளம் தெரியாத விமானமாகத்தான் எங்களைப் பார்ப்பார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுகிறார்களா, எந்தப் பகுதியை எத்தனை மணி வரை மூடியிருக்கிறார்கள் என்று விமானிகளுக்கான அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். அந்த அனுமதி எண்ணை முழங்காலில் கட்டிய அட்டையில் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் என்ஜினையே கிளப்புவேன்.

உயரத்துக்கும் விதி இருக்கிறது. ஊருக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே போனால், 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மிக உயரமான பொருளைவிட 1,000 அடி மேலே இருக்க வேண்டும். ஊர் இல்லாத வெட்டவெளியில் தரையிலிருந்து 500 அடி. அதாவது 150 மீட்டர்.

உங்களுக்கு 120, எனக்கு 150. நடுவில் 30 மீட்டர். ஒரு நல்ல தென்னை மரத்தின் மேல் பாதி தென்னையை ஒட்டவைத்தால் வரும் உயரம். உங்களையும் எங்களையும் பிரித்து வைப்பது அவ்வளவுதான். அந்த 30 மீட்டருக்கு மேலே நான் ஒழுங்காக இருக்கிறேனா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கீழே நீங்கள் ஒழுங்காக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கும் உண்டு.

"வந்தால் நீங்கள் விலகிக்கொள்ள வேண்டியதுதானே, பெரிய விமானிதானே" என்று அண்ணன் மகனின் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். செஸ்னா 152 மெதுவாகப் போகும் விமானம். நான் அன்று போனது ஏறக்குறைய மணிக்கு 165 கிலோமீட்டர் வேகம், நொடிக்கு 46 மீட்டர். எதிரே ஒரு பொருளைக் கண் பார்த்து, அது இன்னதென்று மூளை புரிந்துகொண்டு, நம்மேல் மோதும் என்று கணித்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் உண்மையில் திரும்பத் தொடங்குவதற்கு மொத்தம் பன்னிரண்டரை நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத்துறை விமானிகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு. பன்னிரண்டரை நொடியில் நான் 575 மீட்டர் போயிருப்பேன். ஆக, 575 மீட்டர் தள்ளியே உங்கள் ட்ரோன் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

உங்கள் ட்ரோன் ஓர் அடி அகலம். 575 மீட்டருக்கு அப்பால் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? அரசுப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கடைசி இருக்கைக் கண்ணாடியில் ஒட்டிய ஓர் ஆரணி அரிசி மணியைப் பாருங்கள். அவ்வளவுதான் தெரியும். அதுவும் அசையாத அரிசி. நேராக மோத வரும் பொருள் கண்ணாடியில் இடம் மாறாது. அதே இடத்தில் இருந்து பெரிதாகிக்கொண்டே வரும். அசைவதைத்தான் கண் சட்டென்று பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். நான் அந்த ட்ரோனைப் பார்த்தது இரண்டு மூன்று நொடி முன்னால்தான் இருக்கும்.

ஆனால் நீங்கள் என்னைக் கேட்க முடியும். செஸ்னாவின் சத்தம் வயல்வெளியில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு முன்பே கேட்கும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடியிருப்பீர்களே, அதே சத்தம். 2021 ட்ரோன் விதிகளும் இதையே சொல்கின்றன: ஆள் இருக்கும் விமானத்துக்குத்தான் வழி உரிமை, ட்ரோன் தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கத் தெரிந்தவர், ஒதுங்க முடிந்தவர் நீங்கள். அதனால்தான் விதி உங்கள் மேல் பொறுப்பை வைத்திருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எடை விஷயத்தையும் பேச வேண்டும். "என்னோடது 250 கிராமுக்குக் கீழே அக்கா, நானோ வகை, அதுக்கு ஒண்ணும் இல்ல." இதை நான் அடிக்கடி கேட்கிறேன். நானோ வகைக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மை. 250 கிராமிலிருந்து 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகையைக் காசு வாங்காமல் பொழுதுபோக்குக்கு விட்டாலும் சான்றிதழ் வேண்டாம். (மைக்ரோ ட்ரோனில் காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுத்தால் அது வணிகம். அங்கே சான்றிதழ் கட்டாயம். இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது.) ஆனால் 400 அடி வரம்பும் சிவப்பு மண்டலத் தடையும் (அரசு அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாத இடம்) நானோவுக்கும் சேர்த்துத்தான்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பெரிய காட்டுத்தீ. தண்ணீர் அள்ளிக் கொட்டும் மஞ்சள் நிற விமானங்கள் கனடாவிலிருந்து வந்திருந்தன. தீயைப் பார்க்கலாம் என்று ஒருவர் தன் சிறிய கேமரா ட்ரோனைப் பறக்கவிட்டார். இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் போய், அது அவர் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. தீயணைப்பு விமானத்தின் இடது இறக்கையில் போய் மோதி, உள்ளங்கை அளவு ஓட்டை போட்டது. ஊரே எரிந்துகொண்டிருந்தபோது அந்த விமானத்தைப் பழுதுபார்க்கத் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. அது டிஜேஐ மினி வகை. உங்களில் பாதிப் பேர் பையில் இருப்பது அதுதான்.

அது 14 டன்னுக்கும் மேல் எடையோடு தண்ணீரின்மேல் வயிறு உரசி எழுவதற்கென்றே கட்டிய விமானம். என்னுடையது ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 757 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு சின்ன மாருதி கார் எடைதான். முன்கண்ணாடி என்று நாங்கள் சொல்வது கண்ணாடியே கிடையாது, சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள அக்ரிலிக் தகடு. பறவை மோதினால் சதையும் இறகும் நசுங்கிக் கொஞ்சம் விசையை வாங்கிக்கொள்ளும். ட்ரோனில் மோட்டாரும் பேட்டரியும் நசுங்காது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் என் முகம் இருக்கிறது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று உங்கள் மனதில் பதிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பகுதியின் வரைபடத்தைப் பற்றி இரண்டு விஷயம்.

ஒன்று அரக்கோணம். 1992-ல் தொடங்கிய ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத்தளம் அங்கே இருக்கிறது. நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஓடுபாதை, கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள், ஹெலிகாப்டர் பயிற்சி. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூடிக் கிடந்தபோது பயணிகள் விமானங்களை அங்கேதான் இறக்கினார்கள், ஞாபகம் இருக்கும். 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போட்டதற்குப் பிறகு, எந்த ராணுவத் தளத்தின் பக்கமும் ட்ரோன் தெரிந்தால் யாரும் கல்யாண ட்ரோன் என்று நினைக்க மாட்டார்கள். அரக்கோணம், நெமிலி, தக்கோலம் பக்கம் வேலை வந்தால் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தைத் திறந்து நிறத்தைப் பார்க்காமல் முன்பணம் வாங்காதீர்கள். அந்தத் தளத்து ஹெலிகாப்டர்களுக்கு எங்களுக்குச் சொன்ன சூரிய அஸ்தமனக் கணக்கும் கிடையாது. ராத்திரி ரிசப்ஷனில் மேலே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரம். வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம், பல வருடம் மாடு மேய்ந்து கிடந்தது. உடான் திட்டத்தில் சேர்த்து, சின்ன விமானங்கள் இறங்கும் அளவுக்கு ஓடுபாதையும் முனையக் கட்டடமும் கட்டிவிட்டார்கள். எப்போது விமானம் வரும் என்று ஊரே கேட்கிறது, நானும் கேட்கிறேன். என் சொந்த ஊரில் என் விமானத்தை இறக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அது வந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. செயல்படும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைக்கும், முன் அனுமதி இல்லாமல் 200 அடி, அதாவது 60 மீட்டர் உயரம்தான் உங்களுக்கு. அதற்கும் உள்ளே வந்தால் வரைபடத்தில் மஞ்சளும் (விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டிய இடம்) சிவப்பும் ஆகிவிடும். அப்துல்லாபுரத்திலிருந்து 12 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். வேலூர்க் கோட்டை உள்ளே வந்துவிடும், பழைய பேருந்து நிலையம் உள்ளே வந்துவிடும், நீங்கள் மாதம் பத்துக் கல்யாணம் எடுக்கும் மண்டபங்கள் பலவும் உள்ளே வந்துவிடும். போன முகூர்த்தத்தில் பச்சையாக இருந்த இடம் அடுத்த முகூர்த்தத்தில் மஞ்சளாகலாம். தலைவர்கள் வரும் நாட்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே 96 மணி நேரம் வரை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்க முடியும். அதனால் வரைபடத்தை ஒருமுறை பார்த்து மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது உதவாது. ஒவ்வொரு வேலைக்கும் அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும்.

கோட்டையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். வான மண்டலம் என்ன நிறமாக இருந்தாலும் அங்கே படம் எடுக்கத் துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டார்கள். உள்நாட்டில் கல்யாண வேலைக்கு ஏற்ற மாதிரி, நல்ல கேமராவோடு, உங்கள் கைக்கு எட்டும் விலையில் எத்தனை வருகிறது? ஏற்கனவே கையில் இருப்பதைப் பதிவு செய்யப் போனால் ஆயிரம் கேள்வி. பயிற்சிக்கு ஒரு வாரம் கடையை மூட வேண்டும், கட்டணமும் சின்னத் தொகை கிடையாது. விதி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் பயிற்சி நல்ல பயிற்சி, ஆனால் ஆலங்காயத்திலிருந்து ஒரு பையன் தாம்பரம் பக்கம் ஒரு வாரம் தங்கிப் படிப்பது எளிதா? சங்கப் பொறுப்பாளர்கள் சேர்ந்து, வேலூரிலேயே, தமிழிலேயே பயிற்சி வேண்டும் என்று தமிழ்நாடு ஆளில்லா விமானக் கழகத்திடம் எழுதிக் கேளுங்கள். அந்த மனுவில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பைக் கேட்கும் நாங்கள் அதற்கான வழியையும் உங்களோடு நின்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது சில இருக்கின்றன. காசு செலவில்லாதவை.

மலைமேல் வேலை இருந்தால், மலை விளிம்பைத் தாண்டாதீர்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்ற காட்சியைச் சரிவை ஒட்டியே கீழே இறக்கிக்கொண்டு போய் எடுங்கள். தரை எப்படி இறங்குகிறதோ ட்ரோனும் அப்படி இறங்க வேண்டும். திரையில் கழித்தல் எண் வரட்டும், பரவாயில்லை. வந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். செயலியில் அதிகபட்ச உயரம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை 120-ல் பூட்டிவிடுங்கள், 500-க்குத் திறந்துவிட யாராவது வித்தை சொல்லிக்கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்ரோன் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். திரையில் தெரிகிறது என்பது கண்ணில் படுவது ஆகாது. திரை முன்னால் இருப்பதைத்தான் காட்டும், பக்கவாட்டில் நான் வருவதைக் காட்டாது.

மாடு விடும் விழா, மயானக் கொள்ளை, புஷ்பப் பல்லக்கு மாதிரி நாட்களில் ஒரே தெருவுக்கு மேலே எட்டுப் பத்து ட்ரோன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யார் எந்த உயரத்தில் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் கிழக்கே போனால் ஒரு உயரம், மேற்கே போனால் வேறு உயரம் என்று பிரித்து வைத்துக்கொள்கிறோம். நீங்களும் விழாவுக்கு முந்தின நாள் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து 40 மீட்டர் யாருக்கு, 60 யாருக்கு, 80 யாருக்கு என்று பேசிக்கொள்ளலாம்.

இரைச்சல் கேட்டால், முதலில் இறக்குங்கள். ஹெலிகாப்டரா, சின்ன விமானமா, எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மணமகள் மாலை மாற்றிக்கொண்டிருந்தாலும் இறக்குங்கள். சிஎம்சிக்கோ வேறு மருத்துவமனைக்கோ நோயாளியைக் கொண்டுவரும் ஹெலிகாப்டராகக்கூட இருக்கலாம். என்னைப் போன்ற ஒருவருக்கு என்ஜின் நின்றுபோய், 500 அடியாவது 400 அடியாவது என்று எதையும் பார்க்க முடியாமல் பாலாற்று மணலைத் தேடி இறங்கிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் எங்களிடம் விதி எதுவும் மிச்சம் இருக்காது. எங்கே சமதளம் தெரிகிறதோ அங்கே வருவோம்.

அன்று ஏலகிரி விளிம்பில் நின்றிருந்தவர் இதைப் படிக்க நேர்ந்தால், உங்களுக்கும் ஒன்று. நீங்கள் எடுத்த வீடியோவில் ஒரு வெள்ளை விமானம் கடந்து போயிருக்கலாம். அதைப் போலீசுக்குப் பயந்து அழித்துவிடாதீர்கள். உங்கள் பெயர் எனக்கு வேண்டாம். அந்தச் சில நொடிக் காட்சி கிடைத்தால், எவ்வளவு பக்கத்தில், எந்த உயரத்தில் என்று சட்டகம் சட்டகமாகக் கணக்குப் போட்டு உங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் போட்டுக்காட்ட ஆசைப்படுகிறேன். எந்தச் சங்கத்தின் வழியாக வந்தாலும் சரி.

ஞாயிறு மதியம் என் கிளினிக் மூடியிருக்கும். சங்கத்தில் யார் கூப்பிட்டாலும் வருகிறேன். விமான வரைபடத்தையும் முழங்கால் அட்டையையும் நான் கொண்டுவருகிறேன், நீங்கள் ட்ரோனைக் கொண்டுவாருங்கள். ஒரு மொட்டை மாடி போதும். முதலில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசத் தொடங்கலாம்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து உங்கள் அத்தை